மறுதரப்பு இல்லாத வழக்கு

குலேந்திரன் அண்ணை இறந்துபோனதை எனக்கு யாரும் சொல்லவில்லை. திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, பலாலி வீதிப் பக்கத்து மதிலில் பசை காயாத கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றைக் கண்டேன். கழுத்துப்பட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றார். அந்தப் படம் எனக்குத் தெரிந்த படம். வளாகத்தில் எங்கள் மாணவர்களின் நாடகம் ஒன்று முடிந்த மாலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று எடுத்தது. சுவரொட்டிக்காக என்னை வெட்டிவிட்டார்கள். ஆனால் அவருடைய கை என் தோளைச் சுற்றியிருந்ததால் முழுதாக வெட்ட முடியவில்லை. ஓரத்தில் என் தோளின் ஒரு துண்டும் அதன்மேல் அவருடைய விரல்களும் மிஞ்சியிருந்தன. ஒட்டியவர்களுக்கு அந்தத் தோள் யாருடையது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் படிப்பித்த ஆங்கிலத் துறையிலிருந்து ஒருவரும் எனக்குத் தொலைபேசி எடுக்காததில் எனக்கு வியப்பில்லை. நானும் அவரும் பல வருடங்களாகக் கதைப்பதில்லை. கதைக்காத ஆளுக்குச் செத்தவீடு சொல்வதா விடுவதா என்று யோசித்திருப்பார்கள். யோசித்தபடியே விட்டிருப்பார்கள்.

இந்த நினைவு மலரை முப்பத்தோராம் நாள் அன்று கையில் வாங்கப்போகிற உங்களில் பலர், இதில் என் பெயரைக் கண்டு புருவத்தை உயர்த்துவீர்கள். ஆகவே எப்படி எழுத வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவருடைய மனைவி பவானி அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்தினார்.

“மலருக்கு நீர் ஒண்டு எழுதவேணும்.”

“அக்கா, நான் எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது.”

“எனக்குப் பிடிக்கிறதுக்கே அவர் கேட்டவர்?”

“அவர் கேட்டவரோ?”

“ஆஸ்பத்திரியிலை படுத்திருக்கேக்கை சொன்னவர். ‘மற்றவை எல்லாரும் என்னைப் புகழுவினம், அதுகளை மனிசர் வாசிக்கேலாது. அவனிட்டைக் கேள். அவன் விடமாட்டான்’ எண்டு.”

சாகக் கிடந்தபோதும் பகிடி அவரை விட்டுப் போகவில்லை. இந்த மலரின் மற்றப் பக்கங்களில் அவர் தங்கமான மனிதர் என்று எழுதியிருப்பார்கள். நான் அப்படி எழுதப்போவதில்லை. அவர் என்னைக் கேட்டதும் அதற்கல்ல.

நாங்கள் இருவரும் ஒரு பாடத்தைச் சேர்ந்து படிப்பித்தோம். ஆரம்பகால ஆங்கில நாவல்களில் நட்பு என்பது அதன் பொருள். அந்த நாவல்கள் காதலனிடம் அதிகம் கேட்பதில்லை. அழகாகக் கதைத்து, கடைசியில் திருந்தினால் போதும். நண்பனிடம் கேட்பதுதான் அதிகம். அவன் சமமானவனாக இருக்கவேண்டும். கைம்மாறு பாராமல் உதவவேண்டும். நண்பனின் குறையை ஊருக்குச் சொல்லாமல் அவனுக்கே சொல்லவேண்டும். வீட்டைவிட்டு வெளியே போக வழியில்லாத பெண்ணுக்கு, தோழிக்கு எழுதும் கடிதம் ஒன்றுதான் திறந்த கதவு. மணம் பேச வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று விசாரித்து எழுதுகிறவளும் அந்தத் தோழிதான்.

“சேர், எங்கடை ஊரிலை அந்த வேலையைப் புரோக்கர் செய்யிறார்,” என்று ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்.

“புரோக்கருக்குத் தரகு கிடைக்குது பிள்ளை. சிநேகிதிக்கு என்ன கிடைக்குது? அதைக் கண்டுபிடிக்கத்தான் உந்தப் பெரிய புத்தகங்களை வாசிக்கிறம்,” என்றார் குலேந்திரன் அண்ணை.

வகுப்பை நடத்த நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். மாணவர்கள் அதை ‘வழக்கு’ என்றார்கள். ஒவ்வொரு நாவலிலும் வருகிற நண்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோம். அவன் உண்மையான நண்பனா இல்லையா என்பதுதான் விசாரணை. நான் எப்போதும் குற்றம் சாட்டுவேன். அவர் எப்போதும் நண்பனின் பக்கம் பேசுவார். தீர்ப்பு நாங்கள் சொல்வதில்லை. மணி அடித்ததும் இருவரும் எழும்பிப் போய்விடுவோம். பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் இருந்து சத்தம்போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் வழக்கை மறக்கமாட்டேன். நண்பனுக்கு நோகும் என்று ஓர் உண்மையை மறைத்துவைத்த ஒருவனின் வழக்கு அது. குலேந்திரன் அண்ணை அவனுக்காக மேசையில் கையடித்துப் பேசினார். “சொல்லாமல் விட்டதாலை ஒரு மனிசன்ரை நோவு குறைஞ்சதோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ!” நான் எழும்பி, “குறைஞ்சதுதான். ஆனால் ஆரின்ரை நோவு? மறைச்சவன்ரை நோவு,” என்றேன். வகுப்பு கைதட்டியது. அவரும் தட்டினார். எல்லோரையும்விடக் கூடுதலான நேரம் தட்டினார். அப்போது அதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. குறையை முகத்துக்கு நேரே சொல்வார். நிறையை ஆள் இல்லாத இடத்தில் சொல்வார். “சிநேகிதன் கண்ணாடி இல்லை, ஐசே. கண்ணாடிக்கு முன்னாலை நாங்கள்தான் போய் நிக்கவேணும். சிநேகிதன் எங்களைத் தேடி வந்து மூஞ்சையிலை ஊத்தை எண்டு சொல்லுவான்,” என்பார். அவர் என்னைக் கூப்பிடுவது ‘ஐசே’ என்றுதான். சொன்னபடி நடந்தும் இருக்கிறார். என் முதல் கட்டுரை ஒரு சஞ்சிகையில் வந்த கிழமை, மழைக்கோட்டுக்குள்ளே அந்தச் சஞ்சிகையைப் பொத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாழ்த்தத்தான் வந்திருக்கிறார் என்று என் தங்கை கௌரி தேத்தண்ணியோடு வடையும் வைத்தாள். அவர் வடையைக் கடித்துக்கொண்டு, “ஐசே, எல்லாம் சரி. ஆனால் நீர் எழுதினதிலை உம்மைக் காணேல்லை,” என்றார். எனக்கு முகம் கறுத்துப்போனது. கௌரி குசினிக்குள் போய்ச் சிரித்தாள்.

அதே வருடம் கொழும்பில் ஒரு கருத்தரங்கில், நான் இல்லாத ஒரு மேசையில், ஒரு பெரியவர் என் ஆய்வை இளக்காரமாகப் பேசினாராம். குலேந்திரன் அண்ணை சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி, அந்த ஆய்வை அதிகாரம் அதிகாரமாக எடுத்துச் சொல்லி அந்தப் பெரியவரை வாய்மூட வைத்தாராம். இதை எனக்கு வேறொருவர்தான் சொன்னார். குலேந்திரன் அண்ணை அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஆகையால்தான் நான் அவரை நம்பினேன். அந்த நாவல்களில் தேடியும் கிடைக்காத ஆள் எனக்கு யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் கிடைத்துவிட்டார் என்று நம்பினேன்.

கொழும்புத்துறையில் அவருடைய வீடு கடல்நீரேரிக்குக் கிட்ட. சனிக்கிழமைகளில் நான் அங்கே போவேன். பவானி அக்காவின் நண்டுக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, வளவில் கதிரைகளைப் போட்டுக்கொண்டு அடுத்த வழக்கைத் திட்டமிடுவோம். அங்கே வைத்துத்தான் அவர் அந்த வசனத்தை முதலில் சொன்னார். துறையில் எனக்குப் பழைய மனத்தாங்கல் உள்ள ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. “உம்மிலை ஒரு குறைதான், ஐசே. மனசிலை ஒண்டு விழுந்தால் நீர் எடுக்கமாட்டீர்,” என்றார். நான் சிரித்தேன். பிறகும் எத்தனையோ தடவை சொன்னார், அத்தனை தடவையும் சிரித்தேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் எழும்பிப் போயிருப்பேன்.

கௌரிக்குச் சுன்னாகத்தில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. அப்பா இல்லை. அம்மா படுக்கையில். எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. மாப்பிள்ளை பொறியியலாளர், அமைதியான பெடியன். சாதகம் பொருந்தியது. கோயிலில் வைத்து இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்த கௌரி, ஒருவரும் கேட்காமலே வீட்டிலிருந்த யன்னல் திரைகள் முழுவதையும் கழற்றித் தோய்த்துக் காயப்போட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் சுன்னாகத்திலிருந்து பிறகு ஒரு பேச்சும் இல்லை. “கொஞ்ச நாள் போகட்டும்” என்று தரகர் வந்து சொன்னார். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். திரைகள் காய்ந்து, திரும்ப யன்னல்களில் ஏறின. அம்மாவின் காலம் முடிந்தது. வேறு பேச்சுகள் வந்தன, கௌரி ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை. இன்றும் அவள் என்னோடுதான் இருக்கிறாள்.

அந்த நாட்களில் குலேந்திரன் அண்ணை அடிக்கடி வீட்டுக்கு வந்தார். வந்து என் பக்கத்தில் இருந்தார். “விடும் ஐசே, அவையளுக்குக் குடுத்துவைக்கேல்லை,” என்றார். நான் அதையும் நட்பு என்று எண்ணிக்கொண்டேன்.

வருடங்கள் கழிந்து, சுன்னாகம் சந்தையில் அந்த மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கண்டேன். அவர் வெங்காய வியாபாரி. வயது போய்விட்டது. சாக்குகளுக்கு நடுவில் இருந்துகொண்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“மாஸ்டர், பழசைக் கிண்டுறன் எண்டு நினையாதேங்கோ. எனக்கு மனசிலை கிடக்குது. உங்கடை தங்கச்சியிலை ஒரு குறையும் இல்லை. அவையள் உங்களைப் பற்றித்தான் விசாரிச்சவை.”

“ஆரிட்டை?”

“உங்கடை கூட்டாளியிட்டை. அந்தக் கொழும்புத்துறை மாஸ்டர். நான்தான் போனனான். அந்தாள் உங்களைப் பெரிசாச் சொன்னவர், பொய் சொல்லக்கூடாது. நேர்மையான ஆள், தங்கச்சிக்கு உயிரையும் குடுப்பான் எண்டார். ஆனால் மனசிலை ஒண்டு விழுந்தால் எடுக்கமாட்டான் எண்டும் சொன்னார். நான் அதை அப்பிடியே அக்காவுக்குச் சொன்னன். அக்கா பயந்திட்டா. நாளைக்கு எங்கடை பெடியன் வாய் தவறி ஒரு சொல்லுச் சொன்னால் மச்சான்காரன் ஆயுசுக்கும் வாசல் படலை திறக்கமாட்டானே எண்டு கேட்டா.” கொஞ்சம் நிறுத்தி, “சோடா குடிக்கிறியளே, மாஸ்டர்?” என்றார்.

இங்கே சம்பந்தம் விசாரிக்கும் விதம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் குறையை வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘தங்கமான சனம்’ என்று கேட்டவுடனே சொன்னால் நல்லது. கொஞ்சம் யோசித்துவிட்டு ‘நல்ல சனம்தான்’ என்று சொன்னால் நல்லதில்லை. ‘ஆனால்’ என்ற சொல் வந்தால் அதற்கு முன்னால் வந்த புகழ் எல்லாம் அழிந்துவிடும். இது குலேந்திரன் அண்ணைக்குத் தெரியாதா? கொழும்புத்துறையில் பிறந்து, தன் சகோதரிகளுக்கும் சம்பந்தம் பேசிச் செய்துவைத்த மனிதர். ஆனால் கேள்வி வந்த கணத்தில் அவர் கொழும்புத்துறையில் இருக்கவில்லை. எங்கள் பாடப் புத்தகங்களுக்குள் இருந்தார். அந்தக் கதைகளில் ஒருவனுடைய குணத்தை அவனுடைய நண்பனிடம் கேட்டால், நண்பன் நிறையையும் குறையையும் நிறுத்துச் சொல்லுவான், கேட்டவர்களும் நிறுத்துப் பார்ப்பார்கள். சுன்னாகத்தில் யாரிடமும் அந்தத் தராசு இல்லை. படித்ததை எங்கே வைக்கவேண்டும், எங்கே எடுக்கவேண்டும் என்று தெரியாமல்போவது எங்களைப் போன்றவர்களுக்கே வருகிற நோய். அந்த நோய்க்கு என் தங்கையின் வாழ்க்கையை மருந்தாகக் கொடுத்துவிட்டார்.

ஒரே வசனம்தான். நீரேரிக் காற்றில் கதிரையில் இருந்துகொண்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னபோது அது நட்பு. அதே வசனத்தை, ஓர் எழுத்தும் மாற்றாமல், நான் இல்லாத இடத்தில் மாப்பிள்ளையின் மாமனுக்குச் சொன்னபோது அதற்கு என்ன பெயர்? முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நான் இதைக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. துறை அறையின் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“சுன்னாகத்து ஆக்களுக்கு என்னைப் பற்றி நீங்கள் சொன்னீங்களோ?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஓம். சொன்னனான்.”

“ஏன் அண்ணை?”

“கேட்டவை. எனக்குப் பொய் வரேல்லை, ஐசே. உண்மையைச் சொன்னால் உம்மடை நேர்மையையும் நம்புவினம் எண்டு நினைச்சன். பிழைச்சுப் போச்சு.”

“அது போகட்டும். என்னட்டை ஏன் சொல்லேல்லை? வந்து வந்து பக்கத்திலை இருந்தியளே. அவையளுக்குக் குடுத்துவைக்கேல்லை எண்டியளே. அப்ப ஏன் சொல்லேல்லை?”

வழக்குகளில் ஒருநாளும் வாயடைக்காத மனிதர், மேசையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை என் மேசை வேறு அறைக்குப் போனது. அந்தப் பாடத்தை அதன்பிறகு யாரும் படிப்பிக்கவில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் அவர் நடையைத் தாமதிப்பார். நான் தாமதித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் இரண்டொரு தடவை எங்கள் படலைவரை வந்தார். கௌரிதான் போய்க் கதைத்து அனுப்பினாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி, செத்தவீட்டுக்கு நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லவேண்டும். சுவரொட்டியைக் கண்ட அன்று கத்தரிக்காய்ப் பையோடு வீட்டுக்கு வந்தேன். கௌரி ஏற்கெனவே வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு நின்றாள். பவானி அக்கா அவளுக்குத்தான் சொல்லியிருக்கிறார்.

“நான் வரேல்லை,” என்றேன்.

“நீங்கள் வராட்டில் நான் தனியப் போவன், அண்ணை.”

“உனக்கு அந்தாள் என்ன செய்தது எண்டு தெரியுமே? தெரிஞ்சால் போகமாட்டாய்.”

“தெரியும். உங்களுக்கு முந்தியே தெரியும்.”

நான் பையைக் கீழே வைத்தேன்.

“அந்தப் பேச்சுக் குழம்பின கிழமையே வந்து சொன்னவர். நீங்கள் வளாகத்துக்குப் போயிட்டியள். அம்மா உள்ளை நித்திரை. முத்தத்திலையே நிண்டவர், இருக்கச் சொல்லியும் இருக்கேல்லை. ‘தங்கச்சி, என்ரை வாயாலைதான் உன்ரை காரியம் கெட்டுப்போச்சு’ எண்டார். எல்லாம் சொன்னார். பின்னேரம் வந்து உங்களிட்டையும் சொல்லப்போறன் எண்டார்.”

“பிறகு ஏன் சொல்லேல்லை?”

“நான்தான் மறிச்சனான். சத்தியம் வாங்கினனான்.”

“ஏன்டி?”

“எனக்கு ஒண்டு இல்லாமல் போச்சு. உங்களுக்கும் ஏன் இல்லாமல் போகவேணும்? அவரை விட்டால் உங்களுக்கு ஆர் சிநேகிதன், அண்ணை? ஒரு ஆளின்ரை பேரைச் சொல்லுங்கோ பாப்பம்.”

“அந்தப் பெடியனை உனக்குப் பிடிச்சிருந்ததோ?” என்று கேட்டேன். இத்தனை வருடங்களில் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.

“பிடிச்சிருந்தது,” என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, “வாறியளே, இல்லையே?” என்றாள்.

போனோம். இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். “எழுதுங்கோ. இந்த வயதிலை எனக்கு ஆர் பேசி வரப்போகினம்?” என்றாள்.

துறை அறையில் நான் கேட்டபோது அவருக்குப் பதில் இல்லாமல் இல்லை என்பது இப்போது தெரிகிறது. சம்பந்தம் குழம்பிய பிறகு வந்த அந்த மறைத்தவனின் வழக்கில் அவர் அவ்வளவு நேரம் கைதட்டியது ஏன் என்பதும் தெரிகிறது. கௌரியின் பெயரை மட்டும் சொல்லியிருந்தால் போதும், நான் அவளிடம் போயிருப்பேன், அவரிடம் திரும்பி வந்தும் இருப்பேன். அவர் சொல்லவில்லை. அவளுக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்ற என்னை இழந்தார். அவர் உயிரோடு இருந்து, தன் பக்கம் பேச எழும்பியிருந்தால் இதைத்தான் மேசையில் கையடித்துச் சொல்லியிருப்பார். வகுப்பும் கைதட்டியிருக்கும்.

ஆனால் குற்றம் சாட்டுகிறவன் நான். ஆகவே சொல்கிறேன். எனக்குச் சேரவேண்டிய உண்மையை என் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுப் போக அவருக்கு உரிமை இல்லை. இவனால் இதைத் தாங்கமுடியாது என்று என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் முடிவு செய்தார்கள். அந்த இரண்டு பேரும்தான் இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஆட்கள். அன்று பின்னேரமே அவர் வந்து சொல்லியிருந்தால் நான் அதை மனதிலிருந்து எடுத்திருப்பேனா, மாட்டேனா? எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள என்னை விடவில்லை. சுன்னாகத்தாருக்கு என்னைப் பற்றிச் சொன்ன வசனத்தை, தான் சொன்னதாலேயே உண்மை என்று முடிவுகட்டி, என்னை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். சம்பந்தம் குழம்பியதைக்கூட ஒருநாள் மன்னிக்கலாம். இதை மன்னிக்க நான் இன்னும் வழி காணவில்லை.

மலருக்கு நல்ல படம் ஒன்று வேண்டும் என்று பவானி அக்கா கேட்டார். அவர்களிடம் இருந்தது சுவரொட்டிக்காக வெட்டிய படம். வெட்டாத பிரதி என் அலுமாரியில் இருந்தது. கோபம் உச்சத்தில் இருந்த காலத்திலும் அதை நான் கிழிக்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்கவேண்டாம். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “முழுசாய்ப் போடுங்கோ. என்னை வெட்டினால் இந்தக் கட்டுரையையும் எடுத்துவிடுங்கோ,” என்றேன். பவானி அக்கா படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அவர் சொன்னது சரிதான். நீர் விடமாட்டீர்,” என்றார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அவரிடமிருந்து என்னோடு இருப்பது என்ன என்று கேட்டால், அவருடைய அன்பு என்றோ அறிவு என்றோ என்னால் சொல்ல முடியாது. மழைக்கோட்டோடு வந்து, வாயில் வடையை வைத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே குறை சொன்ன அந்தக் குரல் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களிலும் ஒவ்வொரு பந்தி முடிவிலும் அது வந்து கேட்டது: “ஐசே, எல்லாம் சரி. இதிலை உம்மைக் காணேல்லையே?” கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

இந்தமுறை நான் இருக்கிறேன், அண்ணை. பதில் சொல்லத்தான் நீங்கள் இல்லை.